இடிக்கரத்தான் பரந்து வருகிறான்

ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்குப் பாப்பா எழுதுவது.

இங்கே நான், அவர், மகள், அப்பா எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கேட்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடுகிறது. அதனால்தான் கடிதத்துக்கு வந்துவிட்டேன்.

முக்கியமான விஷயம். எங்கள் நூலகத்து பைண்டிங் அறைக்கு ஒரு மூட்டை பழைய சிறுவர் பத்திரிகை வந்தது. யாரோ வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். பிரித்தால், நீங்கள் சின்ன வயதில் வேலை பார்த்த அதே பத்திரிகை! படக்கதையில் ஆட்கள் பேசும் பலூனுக்குள் கையால் எழுதுகிற வேலை உங்களுக்கு என்று சொல்லியிருக்கிறீர்களே, அந்தக் காலத்து இதழ்கள்தான்.

அதில் ஒரு தொடர், 'இடிக்கரத்தான்'. முகமூடி, மேலங்கி, இடுப்பில் வாள் என்று எல்லாம் உண்டு. கட்டட உச்சியில் நின்றுகொண்டு முழங்குகிறான்: "அஞ்சாதீர்! இதோ பரந்து வருகிறேன்!" பறந்து இல்லை அத்தை, பரந்து! ஆள் கல்லில் ஊற்றிய தோசை மாவு மாதிரி பரவிக்கொண்டே வருகிறானோ என்று நினைத்து எனக்குப் புரையேறிவிட்டது. வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர்களைப் பார்த்து, "கொல்லைக்காரர்களே, ஓடுங்கள்!" என்கிறான். பாவம், அவர்கள் கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் போல. பாலம் இடிந்து விழுகிறது, ஜனங்கள் அலறுகிறார்கள், இவன் கையை உயர்த்தி, "ஆபத்தை நான் விளக்குவேன்!" என்கிறான். வாளை உருவிவிட்டு, "என் வாலைப் பார்!" பிடிபட்ட திருடனிடம், "இனியாவது உன் மணத்தை மாற்று!"

இதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்றால், படத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பே கிடையாது. எல்லாம் உயிர் போகிற மும்முரம். அதனால்தான் நமக்கு வயிறு புண்ணாகிறது.

வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அப்பா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்காப்பா?" என்று கேட்டேன். "ம். நல்லா இருக்கு" என்று பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். அப்பாவுக்கு அதுவே ஒரு பிரசங்கம்தானே.

இதை எழுதின புண்ணியவான் யார் அத்தை? பெயரே போடவில்லை. உடனே எழுதுங்கள்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 8

பாப்பாவுக்கு அத்தையின் ஆசிகள்.

உன் கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் குழாயைச் சரிசெய்யாமல் என் சமையலறைச் சுவர் முழுக்க ஈரம். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் பதில் போடத் தாமதமாகிவிட்டது.

அந்தப் பத்திரிகையில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். யார் எதை வரைந்தார்கள் என்று இப்போது எனக்கு நினைவில்லை. கொஞ்ச நாள் வந்துவிட்டு நின்றுபோன தொடர் அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் அண்ணன் எந்த இடம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்? மறுநாள் சாப்பிட்டானா? வீட்டில் அதை மறுபடி படிக்காதே. அவனுக்கு இரைச்சல் ஆகாது.

உன் வீட்டுக்காரர் டம்ளரைத் தட்டிவிட்டது எந்த வசனத்துக்கு? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
அத்தை


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தைக்கு,

சுவர் காய்ந்துவிட்டதா? அந்த மாடி வீட்டுக்காரரை நாலு கேள்வி கேளுங்கள், நீங்கள் ரொம்ப விட்டுக்கொடுக்கிறீர்கள். இங்கே எல்லோரும் சுகம்.

டம்ளர் போனது 'மணத்தை மாற்று' என்ற இடத்தில். அந்தத் திருடன் வேறு சட்டையை முகர்கிற மாதிரி குனிந்திருந்தான், பொருத்தம் பாருங்கள்!

நீங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை என்கிறீர்கள், இங்கே நிலைமை தலைகீழ். சனிக்கிழமை சிறுவர் வாசிப்பு நேரத்தில் நூலகர் அம்மா இரண்டு பக்கம் வாசித்தார். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். பெற்றவர்கள் நகல் கேட்டு நச்சரிக்கிறார்கள். "இவ்வளவு பெரிய நகைச்சுவை எழுத்தாளரை இத்தனை வருஷம் கோட்டை விட்டுட்டோமே" என்று நூலகர் அம்மா அங்கலாய்க்கிறார். எல்லாப் பக்கங்களையும் சேர்த்து நூலகம் சார்பில் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். அதற்கு வரைந்தவர், எழுதியவர் சம்மதம் வேண்டும். யோசித்துப் பாருங்கள் அத்தை, கெஞ்சிக் கேட்கிறேன்.

என் மகள் போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு "பரந்து வருகிறேன்!" என்று வீடு முழுக்க ஓடுகிறாள். தாத்தாவின் அறைக்குள்ளும் ஓடினாள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அவளை அவர் ஒருநாளும் வெளியே தள்ளியதில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

உங்கள் பாப்பா


மார்ச் 23

பாப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

புத்தகமெல்லாம் வேண்டாம். நூலகர் அம்மாவிடம் எப்படியாவது சொல்லித் தடுத்துவிடு. நாலு பிள்ளைகள் சிரித்தார்கள், அதோடு போகட்டும். பழையதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சிறுமியிடம் போர்வையை வாங்கி மடித்து வைத்துவிடு.

அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வரைந்தது அப்பா. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னை விட்டுவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் இடிக்கரத்தானை வரையத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கை முஷ்டி வரவில்லை. அப்பா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பென்சிலை வாங்கி ஒரே இழுப்பில் முஷ்டியைப் போட்டார். கட்டை விரல் மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முஷ்டியை எத்தனை பக்கத்தில் பார்த்திருக்கிறேன்! என் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. அப்பா பென்சில் பிடித்து நான் பார்த்ததே இல்லை அத்தை.

"நீங்களாப்பா?" என்று கேட்டேன். பென்சிலை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"வெளையாட்டுக்குப் போட்டது இல்லம்மா அது. புள்ளைங்களுக்குத் தைரியம் வரணும்னு நெனச்சுப் போட்டேன். படம் போடும்போதே வசனத்த நான் வாயால சொல்லுவேன், அத்தை எழுதிக்குவா. அவ எழுத்து முத்து முத்தா இருக்கும். என் நாக்குதான் சரியில்ல. நான் ஒண்ணு சொன்னா, கேக்கறவங்களுக்கு வேற ஒண்ணா கேட்டிருக்கு. அச்சுல வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் மெதுவா சொல்லிப் பாத்தேன். இன்னும் மோசமாச்சு. தெருப் பசங்க என்னப் பாத்து பரந்து வா, பரந்து வான்னாங்க. விட்டுட்டேன்."

அவ்வளவு சேர்ந்தாற்போல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா ஏன் பிறகு போய்ச் சேர்ந்த பஞ்சாலையில் அந்த நூல் நூற்கும் கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று இப்போது புரிகிறது. அந்த இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, சைகைதான். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். என் கல்யாணத்தில் வந்தவர்களை "வாங்க" என்று கூடச் சொல்லாமல் கும்பிட்டுக்கொண்டே நின்றாரே, எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சமாளித்தேன்.

அவர் முகத்துக்கு நேராக அதைப் படித்துக்காட்டிச் சிரித்தேன். நல்லா இருக்காப்பா என்று வேறு கேட்டேன். அந்த மேஜையைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. நீங்கள் முதல் கடிதத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால் மகளையாவது நிறுத்தியிருப்பேன்.

பாப்பா


மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நாள் உடம்பு படுத்தியது. இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

உன்மேல் தப்பில்லை. தெரியாமல் சிரித்தாய், அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அண்ணன் அப்போதே என்னிடம் சத்தியம் வாங்கினான். அதனால்தான் வாய் திறக்கவில்லை.

அவன் சொன்னது சரிதான். அவன் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அலுவலகத்தில் உட்கார்ந்து மையில் எழுதி ஒட்டுவேன். பலூன் எழுத்து அச்சுக்கோக்கிறவர்கள் கைக்குப் போகாது, அதனால் பிழை பார்ப்பவர் கண்ணிலும் படாது. பேசும்போது எல்லா ர-வும் ஒன்றுபோலத்தானே கேட்கிறது? அவன் சொன்னதைத்தான் எழுதினேன்.

அவனை அதிகம் பேச வைக்காதே.

அத்தை


மே 17

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து தீர்ந்தால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

நேற்று அந்த இதழ்களை வரிசையாக அடுக்கித் தைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படித்திருக்கிறேன். முதல் வாரத்தில் பரந்து, கொல்லை, அவ்வளவுதான். காது ஏமாந்தது என்றால் நம்பலாம். போகப் போகத்தான் கூடிக்கொண்டே போகிறது.

கடைசி இதழ்களில் ஒன்று. இடிக்கரத்தான் சூரியனைப் பார்த்து நிற்கிறான். அப்பாவிடம் கேட்டேன், இங்கே என்ன சொன்னீர்கள் என்று. யோசிக்கவே இல்லை. "அறம் வெல்லும்" என்றார். கடைசி வாரங்களில் அச்சானதை அவர் பிரித்தே பார்க்கவில்லையாம். பலூனில் என்ன இருக்கிறது தெரியுமா? "அரம் வெல்லும். சுத்தியலும் வெல்லும்."

அறம் அரமாகக் கேட்டிருக்கலாம் அத்தை. சுத்தியல் எங்கிருந்து வந்தது?

பாப்பா


ஜூலை 4

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடிதம் கிடைத்ததாம், மேஜைமேல் பார்த்தாராம்.

உங்களை மடக்கவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். புத்தகம் போடுவதற்கு அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். நூலகர் அம்மா வெளியீட்டன்று அவர் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, "பறந்து, பறந்து, அறம், மனம்" என்று சொல்லிப் பார்க்கிறார். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைக்கிறார். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். "இப்ப சரியா வருதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி இருக்கிறது அத்தை. "நல்லா வருதுப்பா" என்றேன். நம்பவில்லை. பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

நான் சொல்லி அவர் நம்பமாட்டார். நானும் சொல்லப்போவதில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது.

உங்கள் பாப்பா


ஆகஸ்ட் 11

அன்பு அண்ணனுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உனக்கு நான் கடிதம் எழுதி எத்தனை காலம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிடுகிறேன்.

உன் நாக்கில் ஒரு குறையும் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நீ தெளிவாகத்தான் சொன்னாய்.

முதல் வாரம் மட்டும் எனக்குத் தெரியாமல் நடந்தது. அச்சில் பார்த்துப் பயந்துபோய் ஆசிரியரிடம் ஓடினேன். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "இதுதாம்மா ஓடும், இப்படியே எழுது, அண்ணன்கிட்ட மூச்சு விடாத" என்றார். நான் எழுதினேன். அவர் சொன்னார் என்று பழியை அவர்மேல் போடமாட்டேன். கை என்னுடையது.

ஏன் இப்படி வந்திருக்கிறது என்று நீ கேட்டபோது, "நீ சொன்னதத்தான் எழுதினேன்" என்றேன். அது பொய். போன மே மாதம் பாப்பாவுக்கும் அதே பொய்யை எழுதினேன்.

உன் தங்கை


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேலை முடிந்து வந்தபோது அப்பாவின் அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு போனேன். யாரும் இல்லை. அப்பா உங்கள் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. 'பழி', 'பொய்', 'தெளிவாக' என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, காதால் கேட்டு, அடுத்ததற்குப் போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இப்போது அப்பா பேசுகிறார். தபால்காரரை நிறுத்திவைத்துப் பேசுகிறார். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் ழ-வைத் தின்றால் விடுவதில்லை. மகள் "தாத்தா வாய் வலிக்கலையா?" என்கிறாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வருகிறது. அடுத்த நிமிஷமே, இத்தனை வருஷம் இந்தக் குரல் எங்கே இருந்தது என்று வயிறு எரிகிறது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உங்களைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை. உங்களைப் புறப்பட்டு வரச் சொல்லட்டுமா என்று நானே கேட்டுப் பார்த்தேன். "வரச் சொல்லு" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "வேணாம். இப்ப வேணாம்" என்றார்.

புத்தகத்தில் எதையும் திருத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "படம் என்னுது. வசனம்னு அவ பேரப் போடு. நான் சொன்னது அது இல்ல." அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, கோபம் என்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

நேற்று என்னைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். "அவ சிரிச்சாளாம்மா, அத எழுதும்போது?" எனக்குத் தெரியாதப்பா என்றேன். "கேட்டு எழுது" என்றார்.

கேட்டுவிட்டேன்.

பாப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் தெரிந்து சந்தோஷம். இந்த ஒரு கடிதத்துக்கு நான் நாள் கடத்தவில்லை, தேதியைப் பார்த்தாலே தெரியும். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. இடையில் எதையும் விட்டுவிடாதே.

ஆமாம், சிரித்தேன்.

மை சிந்திவிடக் கூடாதே என்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அலுவலகத்தில் எல்லோரும் என் மேஜையைச் சுற்றி வந்து நின்று, "இந்த வாரம் என்ன வச்சிருக்க?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்னை யாரும் அப்படிச் சுற்றி நின்றதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நீ ஜனவரியில் எழுதிய முதல் கடிதத்தைக்கூட நான் எத்தனையோ தடவை எடுத்துப் படித்தேன். என் பெயரைப் போடச் சொன்னால் போடு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். அண்ணன் அடுத்த பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பான். "இந்த வாட்டி ரொம்ப மெதுவா சொல்றேன், நல்லா கேட்டுக்கோ" என்பான். உதட்டைக் குவித்து, நாக்கை மடக்கி, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்திச் சொல்வான். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவேன்.

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது பாப்பா. அடக்கிக்கொண்டேன். அதையும் அவனிடம் சொல்லிவிடு.

அத்தை